ஓடிப்போக ஓர் எல்லை

ஒஸ்லோவில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு இரவுப் பணிக்கு வரும் தாதி ஒருத்தி சுவீடன்காரி. அவள் தன் மொழியில் கதைப்பாள். நோர்வேக்காரர் தங்கள் மொழியில் மறுமொழி சொல்வார்கள். இரு பக்கத்துக்கும் விளங்கிவிடும். ஒரு காலமை, "ஐயாவோடு இரவு நல்ல 'ரூலி'" என்றாள். நோர்வேயில் அந்தச் சொல்லுக்கு அமைதி என்று பொருள். சுவீடனில் அதே சொல் சிரிப்பும் கலகலப்பும்.

அந்த ஐயாவுக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. "நாங்கள் பிரியாமல் இருந்திருந்தால் நீயும் நானும் ஒரே நாடு" என்று அவளிடம் அடிக்கடி சொல்வார். அது எனக்குள்ளும் கேள்வியாகத் தங்கிவிட்டது.

1814இல் டென்மார்க் மன்னர் கீல் உடன்படிக்கைப்படி நோர்வேயைச் சுவீடன் மன்னருக்குக் கொடுத்தார். நோர்வே மக்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் மே 17இல் எய்ட்ஸ்வொல்லில் தங்களுக்கென ஓர் அரசியலமைப்பை எழுதினார்கள். சிறு போருக்குப் பிறகு ஒன்றியத்துக்கு இணங்கினார்கள்: பாராளுமன்றம் தனித்தனி, மன்னர் ஒருவர், வெளிநாட்டு விவகாரம் ஸ்டாக்ஹோமின் கையில். கப்பலோட்டிகளின் நாடான நோர்வே, தனக்கென்று தூதரகப் பணியகங்கள் கேட்டது. மன்னர் ஒஸ்கார் மறுத்தார். 1905 ஜூன் 7இல் பாராளுமன்றம் ஒன்றியம் முடிந்தது என்று அறிவித்தது.

ஓகஸ்ட் மாத வாக்கெடுப்பில் பிரிவுக்கு ஆதரவாக 3,68,208 வாக்குகள், எதிராக 184. வாக்குரிமை இல்லாத பெண்கள் ஏறத்தாழ 2,50,000 கையெழுத்துகளைத் திரட்டிக் கொடுத்தார்கள். எல்லையின் இரு பக்கமும் படைகள் நின்ற வேளையில் கார்ல்ஸ்டாட் நகரில் பேச்சு நடந்தது. கோட்டைகளை இடிக்கவும் எல்லையோரம் படையில்லாத வலயம் அமைக்கவும் உடன்பட்டார்கள். ஒரு போர் நடக்காமலே போனது.

அந்த ஒன்றியம் இன்றுவரை நீடித்திருந்தால்? 1969இல் வடகடலில் கிடைத்த எண்ணெய் இரு நாட்டுக்கும் பொதுச் சொத்தாகியிருக்கும். 1978இல் நோர்வே எண்ணெய்க்கு ஈடாகச் சுவீடனின் வொல்வோ நிறுவனத்தில் 40 வீதப் பங்கை நோர்வேக்குத் தருவதாகப் பேசியும், வொல்வோவின் பங்குதாரர் எதிர்ப்பால் அது கைகூடவில்லை. அப்படியொரு பேரமே தேவைப்பட்டிராது. பணமும் பலமும் கூடியிருக்கும் என்று எனக்கும் தோன்றியதுண்டு.

ஆனால் ஐயா ஓர் இரவு 1940இன் கதையைச் சொன்னார். ஏப்ரல் 9இல் ஜெர்மனி நோர்வேக்குள் நுழைந்தது. சுவீடன் நடுநிலை காத்தது. ஐயாவின் தகப்பன் ஒரு பனிக்கால இரவில் காட்டுவழியே எல்லையைக் கடந்திருக்கிறார். "இது நோர்வே, இது சுவீடன்" என்று போர்வையின் மேல் விரலால் கோடு இழுத்துக் காட்டினார். விரல் நடுங்கியது. அந்தப் போர்க்காலத்தில் அப்படிச் சுவீடனுக்குத் தப்பிப் போன நோர்வேக்காரர் 50,000 அளவில். அவர்களில் யூதர்களும் இருந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டும் ஒரே நாடாக இருந்திருந்தால் போரும் இரண்டையும் சேர்த்தே பிடித்திருக்கக்கூடும். அந்தத் தகப்பன் எந்தக் கோட்டைக் கடந்திருப்பார்? ஊரைவிட்டு ஓடியவள் நான். அந்தப் பக்கம் கதவு திறக்கும் ஒரு வீடு இருப்பதன் அருமை எனக்குத் தெரியும்.

எங்கள் இலங்கைத் தீவில் 2002இல் போர்நிறுத்தத்துக்கு நடுநின்றதும் இந்த நோர்வேதான். அது நிலைக்காமல் போன வலி இன்னும் ஆறவில்லை. அதனாலேயே 1905ஐப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. சின்னவனின் வாக்கைப் பெரியவன் ஏற்றுக்கொண்டான். ஒட்டிவைத்த உறவு தொண்ணூற்றொரு வருடத்தில் முறிந்தது. மரியாதையோடு விட்டுக்கொடுத்த உறவு நூறு வருடம் தாண்டியும் நிற்கிறது. நோர்வேக்காரர் இன்றும் சுவீடனை 'இனிய சகோதரன்' என்றே சொல்கிறார்கள்.

சோதனைச் சாவடிகளில் வரிசையாக நின்று வளர்ந்தவள் நான். அந்தத் தாதி வேலை முடிந்து பஸ் ஏறித் தன் ஊருக்குப் போவாள். வழியில் ஸ்வினசுண்ட் பாலம். பாலத்தின் நடுவே நாடு மாறும்போது அவள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பாளாம்.