'டக்' என்று ஒரு சத்தம்

நான் வீட்டிலேயே செய்த ஹாம் ரேடியோவைப் பார்க்க வரும் நண்பர்கள், "இதில் எவ்வளவு தூரம் பேசலாம்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நாம் பேசுவதால் வேறு யாருக்கும் தொல்லை இல்லையே என்ற கேள்வி எனக்கு அதைவிட முக்கியம்.

எந்த டிரான்ஸ்மிட்டரும் நாம் கேட்ட அலையை மட்டும் அனுப்பாது. அதன் இரண்டு, மூன்று, நான்கு மடங்கு அலைகளும் கொஞ்சம் கூடவே கிளம்பும். இவற்றை ஹார்மோனிக் என்பார்கள். 7.050 மெகாஹெர்ட்ஸில் பேசினால் அவை 14.100, 21.150, 28.200-ல் போய் விழும். அந்த மூன்றும் உலக பீக்கன் நிலையங்களுக்கு ஒதுக்கிய இடங்கள்! மொத்தம் 18 நிலையங்கள். முறை வைத்து ஆளுக்குப் பத்து விநாடி. ஒவ்வொன்றும் 100 வாட்டில் தொடங்கி 10, 1, கடைசியில் 0.1 வாட் வரை குறைத்து அனுப்பும். அந்தக் கடைசி ஒலி காதில் விழுகிறதா என்பதை வைத்து அன்றைய வானிலையை, அதாவது அலைகள் போகும் நிலையை, கணிக்கிறவர்கள் உண்டு. என் 10 வாட்டில் நூற்றில் ஒரு பங்கு கசிந்தாலே 0.1 வாட் ஆகிவிடுகிறதே!

இதைத் தடுப்பதுதான் லோ பாஸ் ஃபில்டர். மூன்று சுருள், நான்கு கெபாசிட்டர், அவ்வளவுதான். ஆனால் பேண்டுக்கு ஒன்று வேண்டும். பேண்டை மாற்றினால் அதையும் மாற்ற வேண்டும்.

பழைய வழி, முகப்பில் ஒரு ரோட்டரி சுவிட்ச். மாற்ற மறந்தால் இரண்டு விதமாகக் கெடும். 7-க்கான ஃபில்டரில் 28-ஐ அனுப்பினால் சக்தி வெளியே போகாது. டிரான்சிஸ்டர் சூடாகும், நமக்கே தெரிந்துவிடும். 28-க்கான ஃபில்டரில் 7-ஐ அனுப்பினாலோ மீட்டர் நன்றாகவே காட்டும், எதிர்முனையில் பேசுபவரும் பாராட்டுவார். ஹார்மோனிக் மட்டும் தாராளமாக வெளியே போய்க்கொண்டிருக்கும். நம் மேஜையில் அதற்கு ஒரு அறிகுறியும் இருக்காது.

மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடும் வயது இது. ஆகவே இந்தப் பொறுப்பை ஆர்டுயினோவிடம் கொடுத்தேன். அலையை உண்டாக்கச் சொல்வதே அதுதான் என்பதால் எந்த பேண்டு என்று அதற்குத் தெரியும். ஃபில்டருக்கு இரண்டு 12 வோல்ட் ரிலே, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. ஆர்டுயினோவால் அவற்றை நேரடியாக இழுக்க முடியாது. நடுவில் யூஎல்என் 2003 என்ற சிறு ஐசி. ரிலே விடுபடும்போது எழும் மின் உதைப்பைத் தாங்கும் டையோடுகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஒன்பதாவது காலை மறக்காமல் 12 வோல்ட்டில் இணைக்க வேண்டும்.

நிரலில் இரண்டு விதிகள். மைக் பொத்தான் அழுந்தியிருக்கும்போது ரிலே அசையக் கூடாது. அசைந்தால் முனைகளில் பொறி பறக்கும். ரிலே மாறிய பின் 20 மில்லி விநாடி கழியும் வரை பொத்தான் வேலை செய்யக் கூடாது.

இப்போது பேண்டை மாற்றினால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. அதைக் கேட்ட பிறகே மைக்கைக் கையில் எடுக்கிறேன்.