அப்பாவின் கடிகாரம்

ஜப்பானின் செகா நிறுவனம் 1986இல் வெளியிட்ட ‘அவுட்ரன்’ விளையாட்டில், காரைக் கிளப்பும் முன் வானொலியைத் திருகி மூன்று இசைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வானொலி அறிவிப்பாளரான எனக்கு அது போதாதா! யாரையும் தோற்கடிக்க வேண்டியதில்லை. நேரம் முடிவதற்குள் அடுத்த கட்டத்தை எட்டினால் சரி. சாலை இரண்டிரண்டாகப் பிரிந்து ஐந்து முடிவிடங்களில் போய் நிற்கும்.

‘கேனன்பால்’ என்ற திறந்தமூல மென்பொருள் இன்றைய கணினியில் அதை முன்னைவிடச் சீராக ஓட்டுகிறது. நேரக் கணக்கையே நிறுத்திவைக்கவும் அதில் வசதி உண்டு.

தண்ணீர்மலை வீட்டில் அப்பாவுக்குப் போட்டுக் கொடுத்தேன். பட்டர்வொர்த்திலிருந்து முப்பது வருடம் லோரி ஓட்டியவர். பார்வை மங்கியதால் சாவியை வைத்துவிட்டார்.

“நேரத்தை நிறுத்திடவாப்பா?”

“வேணாம்மா. மணி பார்க்காம ஓட்டினா அது ஓட்டுறதா?”

முதல் கட்டத்திலேயே நேரம் முடிந்தது. மறுபடி ஆரம்பித்தார்.

ஓய்வு பெற்றவர்களுக்கு நாம் சாப்பாடு, மருந்து, நாற்காலி எல்லாம் தருகிறோம். ‘இத்தனை மணிக்குள் முடிக்கணும்’ என்று ஒரு வேலையைத் தர மட்டும் யாருக்கும் மனம் வருவதில்லை. அப்பா இப்போது மூன்றாம் கட்டத்தில் இருக்கிறார்.