பனிப்பாளத்துக்கு ஒரு பேலன்ஸ் ஷீட்

அண்டார்டிகா என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது பென்குவின்தான். ஆனால் அங்கே பெரிய ஆள் பென்குவின் இல்லை, அதன் காலடியில் கிடக்கும் பனிக்கட்டி. அது மொத்தமும் உருகினால் உலகக் கடல்மட்டம் சுமார் 58 மீட்டர் உயரும். கிரீன்லாந்து பனியும் சேர்ந்தால் இன்னொரு 7 மீட்டர். பயப்பட வேண்டாம், மொத்தமும் உருக ஆயிரக்கணக்கான வருடங்கள் ஆகும். இந்த நூற்றாண்டு முடிவதற்குள் எவ்வளவு உருகும் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் தேடத்தான் கம்ப்யூட்டர் மாடல்கள்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இந்த மாடலில் பாதி சுலபமாகப் புரிந்துவிடும். எல்லாம் வரவு செலவு கணக்குதான். வானத்திலிருந்து விழும் பனி வரவு. மேலே உருகி ஓடுவது, கடல்நீர் அடியிலிருந்து கரைப்பது, ஓரத்தில் துண்டு துண்டாக உடைந்து மிதந்து போவது எல்லாம் செலவு. 1992 முதல் 2020 வரை கிரீன்லாந்தும் அண்டார்டிகாவும் சேர்ந்து கண்ட நஷ்டம் சுமார் 7.5 லட்சம் கோடி டன். கடல்மட்டத்தில் இது 21 மில்லிமீட்டர். இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஆனால் நஷ்டம் வருடத்துக்கு வருடம் ஒரே அளவில் இல்லை. 1990-களில் இருந்ததைவிட 2010-களில் பல மடங்கு அதிகம்.

மீதிப் பாதிதான் கஷ்டம். பனிக்கட்டி சும்மா உட்கார்ந்திருக்காது. கல்லில் ஊற்றிய தோசை மாவு மாதிரி தன் எடையாலேயே மெதுவாகப் பரவி ஓடும். 1950-களில் ஜான் கிளென் என்பவர் பனிக்கட்டியை ஆய்வகத்தில் அழுத்திப் பார்த்து ஒரு விதியைக் கண்டுபிடித்தார். அழுத்தம் இரண்டு மடங்கானால் பனி நெளியும் வேகம் சுமார் எட்டு மடங்காகும். இன்றைய மாடல்களிலும் பெரும்பாலும் இந்த விதிதான் ஓடுகிறது.

மாடல் செய்வது இதுதான். பனிப்பாளம் முழுவதையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் தடிமன், வெப்பநிலை, வேகம் எல்லாம் கணக்கிட்டு, அடுத்த காலகட்டத்துக்கு நகரும். கட்டம் சின்னதாக ஆக ஆக கம்ப்யூட்டருக்கு வேலை எகிறும். பக்கத்தைப் பாதியாகக் குறைத்தால் கட்டங்கள் நான்கு மடங்கு. இதில் இன்னொரு சிக்கல், பனிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது. கிலோமீட்டர் கணக்கில் பனி மூடிய தரையை யார் போய்ப் பார்ப்பது? விமானத்தில் ரேடார் வைத்துத் தரையின் மேடு பள்ளத்தை அளக்கிறார்கள். பனி எங்கே வழுக்கும், எங்கே ஒட்டும் என்பதை, சாட்டிலைட் அளந்த மேற்பரப்பு வேகத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு ஊகிக்கிறார்கள். விடையை வைத்துக்கொண்டு கேள்வியைக் கண்டுபிடிக்கிற மாதிரி!

2002-ன் தொடக்கத்தில் அண்டார்டிகாவின் லார்சன் பி என்ற மிதக்கும் பனித்தட்டு, சுமார் 3,250 சதுர கிலோமீட்டர், ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் அதிகமான நாட்களில் நொறுங்கிப் போனது. மிதந்துகொண்டிருந்த பனி என்பதால் அதனால் நேரடியாகக் கடல் உயராது. ஆனால் அது கதவுக்கு முட்டுக்கொடுத்த கல் மாதிரி இருந்திருக்கிறது. அது போனதும், பின்னால் நிலத்தில் இருந்த பனியாறுகள் பல மடங்கு வேகமெடுத்தன. அன்றைய மாடல்களால் இந்த வேகத்தைக் காட்ட முடியவில்லை.

2007-ல் ஐ.பி.சி.சி. அறிக்கை வந்தது. நூற்றாண்டின் இறுதிக்குள் 18 முதல் 59 சென்டிமீட்டர் வரை கடல் உயரும் என்றது. கூடவே அதே அட்டவணையில், பனி ஓட்டத்தில் எதிர்காலத்தில் ஏற்படும் திடீர் மாற்றங்கள் இதில் சேரவில்லை என்றும் எழுதியிருந்தது. கம்பெனிக் கணக்கில் கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி என்று ஒன்று உண்டு. கோர்ட்டில் நடக்கும் கேஸ் மாதிரி, வருமா வராதா என்று தெரியாத கடன். அதை பேலன்ஸ் ஷீட்டில் சேர்க்காமல் கீழே குறிப்பாகப் போடுவார்கள். அந்தக் குறிப்பைப் படிக்காமல் ஷேர் வாங்கினால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். 59 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அதுதான் உச்சவரம்பு என்று நினைத்தவர்கள் செய்ததும் அதுதான்.

அந்தக் குறிப்பில் இருந்த ஆபத்து புதிதும் இல்லை. மேற்கு அண்டார்டிகாவில் பனி உட்கார்ந்திருக்கும் தரை பெரும்பாலும் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, பல இடங்களில் உள்ளே போகப்போக இன்னும் ஆழமாகிறது. பனி தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் இடத்தைத் தரைதட்டும் கோடு என்று சொல்லலாம். அது பின்வாங்கினால் தடிமனான பனி கடலுக்கு எதிரே வரும், ஓட்டம் கூடும், கோடு இன்னும் பின்வாங்கும். இதை ஹான்ஸ் வீர்ட்மன் 1974-லேயே கணக்கில் காட்டினார். 1978-ல் ஜான் மெர்சர் பகிரங்கமாக எச்சரித்தார். மாடல்களுக்கோ 2012-ல் வெளியான ஓர் ஒப்பீட்டில்தான் தெளிவான பதில் கிடைத்தது: அந்தக் கோட்டின் அருகே கட்டங்கள் மிகச் சிறியதாக இல்லாவிட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

மாடல்கள் எப்போதும் குறைத்தே சொல்லும் என்றும் முடிவு கட்டிவிட முடியாது. 2016-ல் டிகான்டோ, பொல்லார்ட் இருவரும் உயரமான பனிச்சுவர்கள் தானாகச் சரிவதையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தார்கள். கரியமில வாயு கட்டுப்பாடில்லாமல் கூடினால் அண்டார்டிகா மட்டுமே 2100-க்குள் 1 மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடும் என்று வந்தது. 2021-ல் டிகான்டோவும் சக ஆய்வாளர்களும் திருத்தி ஓட்டியபோது அது வெகுவாகக் குறைந்தது. அதே வருட ஐ.பி.சி.சி. அறிக்கை, மிக அதிக வாயு வெளியேறினால் மொத்தமாக 0.63 முதல் 1.01 மீட்டர் என்று சொல்லிவிட்டு, 2 மீட்டரை நெருங்குவதையும் முற்றிலும் மறுக்க முடியாது என்றது.

இப்படி மாறிக்கொண்டே இருக்கும் எண்ணை வைத்து என்ன செய்வது என்று கேட்கலாம். லண்டன்காரர்கள் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். தேம்ஸ் நதிமுகத்துக்காக 2012-ல் போட்ட திட்டத்தில் ஒரே எண்ணை நம்பி ஒரே சுவர் கட்டவில்லை. கடல் உயரும் வேகத்தை அளந்துகொண்டே வருவது, அது கூடினால் அடுத்த வேலையை முன்கூட்டியே தொடங்குவது என்று பல பாதைகளை வைத்திருக்கிறார்கள். கன்டிஞ்சென்ட் லயபிலிட்டிக்கு இப்போதே பணம் ஒதுக்கி வைப்பது மாதிரி. அடுத்த தடவை பேப்பரில் "கடல் இத்தனை சென்டிமீட்டர் உயரும்" என்று பார்த்தால், அந்த எண்ணில் எதைச் சேர்க்கவில்லை என்றும் கொஞ்சம் தேடிப் பாருங்கள்.