கோழிக்கு யார் ஜாமீன்?

எங்கள் வேங்கிக்காலில் என்ன குறை? கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது. மொட்டை மாடியில் ஏறினால் அண்ணாமலை முழுசாகத் தெரிகிறது. பௌர்ணமி வந்தால் ஜனசமுத்திரம். அப்படியிருக்க, 2025-ஆம் வருஷம் ஆடி மாதம் எங்கள் வீட்டில் நடந்த சண்டை, சமாதானம் எல்லாம் ஒரே ஒரு கோழியைப் பற்றித்தான் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள்!

என் மகள் லண்டனில் குடித்தனம் செய்கிறாள். பிரிட்டன் 2020 ஜனவரி 31-ம் தேதி ஐரோப்பிய யூனியனை விட்டு விலகியதல்லவா? அந்தச் சமயத்தில் ஒரு நாள் போனில், "அம்மா, இங்கே அமெரிக்காவிலிருந்து குளோரின் கோழி வந்துவிடுமோ என்று ஒரே ரகளை" என்றாள்.

"குளோரினைத் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். கோழிக்குக்கூடவா போடுவார்கள்?" என்று கேட்டேன்.

அவள் விவரம் சொன்னாள். அமெரிக்காவில் கோழியை அறுத்துச் சுத்தம் செய்த பிறகு, கிருமி சாவதற்காகக் குளோரின் போன்ற மருந்து கலந்த நீரில் கழுவுவதுண்டாம். ஐரோப்பாவிலோ 1997 முதல் குடிக்கிற தண்ணீரைத் தவிர வேறு எதனாலும் கோழியைக் கழுவக்கூடாது என்று விதி. ஹார்மோன் கொடுத்து வளர்த்த மாட்டின் இறைச்சிக்கும் அங்கே இடமில்லை. யூனியனை விட்டு வந்தபின், வியாபார ஒப்பந்தத்துக்காக இந்த விதிகளைத் தளர்த்திவிடுவார்களோ என்பதுதான் ஜனங்களின் பயம். அங்குள்ள விவசாயிகள் சங்கம் தயாரித்த மனுவில் 2020-ல் பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள்.

"அந்தக் குளோரின் விஷமா?" என்று கேட்டேன்.

"பயம் அதில்லை, அம்மா. கடைசியில் மருந்துத் தண்ணீரில் முக்கிவிடலாம் என்ற தைரியம் வந்துவிட்டால், பண்ணையிலும் அறுக்கிற இடத்திலும் சுத்தத்தைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?"

அடேயப்பா, எத்தனை கேள்வி என்று அன்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அந்த மகள்தான் ஆடி விடுமுறைக்குப் பேரனோடு வந்து இறங்கினாள். நான் ஆசையாகக் கோழி வாங்கி வந்து, மஞ்சளும் கல் உப்பும் போட்டுக் குழாயடியில் அலசிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள்.

"அம்மா, கோழியைக் குழாயில் கழுவாதே என்று அங்கே உணவுத் தர நிறுவனமே சொல்கிறது. தெறிக்கிற துளியில் கிருமி பரவுமாம். நன்றாக வேகவைத்தாலே போதும். அதிருக்கட்டும், இது எந்தப் பண்ணைக் கோழி? என்ன மருந்து போட்டார்கள்? கடைக்காரரிடம் லைசென்ஸ் இருக்கிறதா?"

எனக்குச் சுருக்கென்றது. "இருபது வருஷமாக இதே கடையில் வாங்கி வந்த கோழியைத் தின்றுதானடி நீ வளர்ந்தாய்! எல்லாம் என் கண்ணெதிரே அறுத்ததுதான்" என்றேன். அன்று குழம்பில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. கோபத்தில் கை நிதானம் தவறிவிடுகிறது.

மறு வாரம் பேரனை அழைத்துக்கொண்டு சாயங்காலம் கடைத்தெருப் பக்கம் போனேன். தள்ளுவண்டியில் சிவப்பாகக் கோழி பொரித்துக்கொண்டிருந்தார்கள். "பாட்டி, அது!" என்றான் குழந்தை. வாங்கிக் கொடுத்தேன். எப்போது வாங்கிய இறைச்சி, எத்தனை தடவை காய்ந்த எண்ணெய் என்று கேட்கத் தோன்றவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அவனுக்கு வாந்தி, விடிவதற்குள் ஜுரம். டாக்டர், "என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான், "ஐஸ்கிரீம்" என்றேன்!

வயசான காலத்தில் இப்படி ஒரு பொய். பிள்ளை இரண்டு நாளில் எழுந்து ஓடினான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் இரவு மகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டரிடமாவது சொல்லியிருக்கலாமே, அம்மா" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூட அத்தனை வலித்திருக்காது.

அடுத்த ஞாயிறு வழக்கமான பாய் கடைக்குப் போய் முதல் முதலாகக் கேட்டேன்.

"பாய், கடைக்கு லைசென்ஸ் இருக்கா? கோழிக்கு என்ன மருந்து போடறாங்க?"

"இன்னா டீச்சரம்மா, புதுசா கேக்கறீங்க!" என்று சிரித்தவர், பெட்டியைத் திறந்து பதினாலு நம்பர் போட்ட பதிவுச் சீட்டை எடுத்துக் காட்டினார். "யாரும் கேக்கறதில்லம்மா, அதான் உள்ளேயே கெடக்குது. மருந்து சமாசாரம் பண்ணைக்காரரைக் கேட்டுத்தான் சொல்லணும்" என்றார். அதற்கடுத்த வாரம் அந்தச் சீட்டு கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்கியது. வெட்டுகிற கட்டையும் பளிச்சென்று இருந்தது.

நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. 1954-லேயே கலப்படத் தடைச் சட்டம் வந்தது. பிறகு 2006-ல் இயற்றிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்டு முதல் அமலில் இருக்கிறது. கொலிஸ்டின் என்று ஒரு மருந்து. மற்ற மருந்துக்கு மசியாத கிருமிக்கு டாக்டர்கள் கடைசியாகக் கொடுப்பது. அதைக் கோழிக்கும் ஆடுமாட்டுக்கும் கொடுக்கக்கூடாது என்று 2019-ல் மத்திய சர்க்கார் தடுத்துவிட்டது.

அயல்நாட்டுக் கோழியிடமும் நாம் கண்டிப்பாகத்தான் இருந்தோம். பறவைக் காய்ச்சலைக் காட்டி 2007-ல் அமெரிக்கக் கோழிக்குத் தடை போட்டோம். அவர்கள் வழக்காடினார்கள். முறையான விஞ்ஞான மதிப்பீட்டின் பேரில் போட்ட தடையல்ல என்று, 2015-ல் உலக வர்த்தக ஸ்தாபனத்தின் மேல் மன்றம் நமக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பயம் மட்டும் சாட்சி ஆகாதல்லவா?

பிரிட்டன் கதை என்ன ஆயிற்று என்கிறீர்களா? விலகிய பிறகும் பழைய விதிகளையே தன் சட்டமாக வைத்துக்கொண்டது. 2025 மே மாதம் அமெரிக்காவோடு ஒப்பந்தம் செய்து, 13,000 டன் மாட்டிறைச்சியைச் சுங்கமில்லாமல் விட ஒப்புக்கொண்டபோதும், ஹார்மோன் இறைச்சிக்கும் குளோரின் கோழிக்கும் கதவு திறக்கவில்லை. அதற்காகச் சீமையில் எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் யூனியனில் இருந்த காலத்தில்தான், 2013-ல், மாட்டிறைச்சி என்று விற்ற பண்டத்தில் குதிரை மாமிசம் இருந்த சங்கதி வெளிவந்தது. அயர்லாந்து அதிகாரிகள் எடுத்துச் சோதித்ததால் தெரிந்தது. இல்லாவிட்டால் சட்டம் சட்டமாக இருக்கும், குதிரையும் தட்டில் இருக்கும்!

கடல் தாண்டி வரும் கோழியை நாம் நேரில் போய் விசாரிக்க முடியாது. அதற்குச் சட்டம்தான் ஜாமீன் நிற்க வேண்டும். தெருமுனைக் கோழிக்கோ, சட்டத்தோடு நாமும் ஜாமீன். பையை நீட்டுமுன் ஒரு வார்த்தை கேட்டால் கடைக்காரர் கோபித்துக்கொள்வதில்லை. நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

மகள் ஊருக்குப் புறப்பட்ட அன்று பேரன் காரிலிருந்து தலையை நீட்டி, "பாட்டி, அடுத்த தடவை ஐஸ்கிரீம் வாங்கித் தருவியா?" என்றான்.

"நிஜ ஐஸ்கிரீமா?" என்று கேட்டாள் அவன் தாய். மூன்று பேரும் சிரித்தோம். எனக்கு மட்டும் கண்ணில் கொஞ்சம் தண்ணீர்.

பண்ணைக்காரரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்ன பாய் இன்னும் பதில் சொல்லவில்லை. வருகிற ஞாயிறும் கேட்கப்போகிறேன்.