ஒரு ராத்திரி ஊரில் ஏழு நாள்

திருப்பதி தங்குவதற்கான ஊர் அல்ல. வந்து, குளித்து, மலையேறி, இறங்கி, லட்டுப் பையோடு ரயிலைப் பிடிப்பதற்கான ஊர். ரயில் நிலையத்துக்கு எதிரே விஷ்ணு நிவாசம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சீனிவாசம், அதன் பக்கத்தில் மாதவம் என்று தேவஸ்தானம் கட்டிய விடுதிகள் எல்லாம் ஒரே கணக்கில் ஓடுகின்றன. சாவி கைக்கு வந்த நேரத்திலிருந்து ஒரு நாள். காலி செய்யத் தாமதித்தால் கதவு தட்டப்படும். அடுத்த குடும்பம் மொட்டைத் தலைகளோடு கவுன்டரில் நிற்கிறது.

இந்த ஊரில் 2020 மே கடைசியில் சித்தூரைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவி ஏழு நாள் தங்கினார். தங்கினார் என்பதைவிடத் தங்க வைக்கப்பட்டார் என்பதே சரி. நண்பரின் மகள். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே இல்லை.

அப்போது மலை மூடிக் கிடந்தது. மார்ச் 20 அன்று பக்தர்களுக்குத் திருமலை அடைக்கப்பட்டது. பூஜைகள் மட்டும் அர்ச்சகர்களோடு ஏகாந்தமாக நடந்தன. ஜூன் 8 அன்றுதான் முதலில் ஊழியர்களையும் உள்ளூர்வாசிகளையும் விட்டுச் சோதனை பார்த்தார்கள். நாளொன்றுக்கு அறுபது, எழுபதாயிரம் பேர் ஏறி இறங்கிய இடத்தில் எண்பது நாள் யாரும் இல்லை. மே மாதக் கடைசியில் 50 ரூபாய் லட்டு 25 ரூபாய்க்கு ஊர் ஊராக விற்பனைக்கு வந்தது. ஜனங்கள் மேலே போக முடியாதபோது பிரசாதம் மட்டும் இறங்கி வந்தது.

காலியான விடுதிகளுக்கு அரசாங்கம் வேறு வேலை கண்டுபிடித்தது. திருச்சானூரில் தேவஸ்தானம் கட்டிய பத்மாவதி நிலையம் தனிமைப்படுத்தும் மையமானது. சீனிவாசம், விஷ்ணு நிவாசம், மாதவம் எல்லாம் பின்னர் கோவிட் கவனிப்பு மையங்களாயின. மகளிர் மருத்துவக் கல்லூரியின் பத்மாவதி மருத்துவமனை கோவிட் மருத்துவமனையாயிற்று. ஒரு விதத்தில் இதைவிடப் பொருத்தமான ஊர் ஆந்திராவில் கிடையாது. முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களை வரிசையில் நிறுத்தி, பெயர் எழுதி, அறை கொடுத்து, சோறு போட்டு அனுப்புவதில் திருப்பதிக்கு உள்ள பழக்கம் வேறு எந்த ஊருக்கு உண்டு?

ஆனால் சித்தூர்ப் பெண்ணைச் சொந்த மாவட்டத்திலேயே ஏன் நிறுத்தினார்கள்? அவர் வந்தது சென்னையிலிருந்து. அங்கேதான் படிப்பு. மார்ச்சில் ஹாஸ்டலை மூடியதும் வில்லிவாக்கத்தில் சித்தி வீட்டுக்குப் போனவர், இரண்டு மாதம் இ-பாஸுக்குக் காத்திருந்துவிட்டுத் திருத்தணி வழியாக வாடகைக் காரில் புறப்பட்டார். அதற்குள் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து நோய் லாரிகளோடு கிளம்பி, சித்தூர் மாவட்டத்துக் காய்கறிக்காரர்களின் வீடுகள் வரை போய்விட்டது. தமிழ்நாடு, மகாராஷ்டிரா, குஜராத், டெல்லி போன்ற இடங்களிலிருந்து வருகிறவர்களுக்கு ஏழு நாள் மையத்தில், அப்புறம் ஏழு நாள் வீட்டில் என்பது ஆந்திராவின் விதி. நகரி செக்போஸ்டில் அவருடைய ஆதார் அட்டையை யாரும் ஆராயவில்லை. எங்கிருந்து வருகிறாய் என்ற ஒரு கேள்விதான். மெட்ராஸ் என்றார். போதுமானதாக இருந்தது.

சித்தூர்க்காரர்களுக்கு இது விசித்திரமான அனுபவம். அவர்களுடைய வாழ்க்கையே எல்லையைக் கவனிக்காமல் நடப்பது. 1911 வரை சித்தூர்தான் வடஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். மொழிவழி மாநிலங்கள் வந்தபோது ம.பொ.சி.யும் மற்றவர்களும் வடக்கெல்லைக்குப் போராடி, 1960இல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சித்தூர் அங்கேயே இருந்துவிட்டது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, வைத்தியத்துக்கு 35 கிலோமீட்டரில் வேலூர், படிப்புக்கும் வேலைக்கும் சென்னை அல்லது பெங்களூர். சித்தூர் வழியாக ஓடும் நீவா ஆறுகூட தமிழ்நாட்டுக்குள் வந்து பொன்னையாறு என்று பெயர் மாற்றிக்கொண்டு பாலாற்றில் சேர்கிறது.

அந்த எல்லையில் 2020 ஏப்ரல் 26 அன்று நிஜமாகவே சுவர் எழுந்தது. குடியாத்தம்-பலமநேர் சாலையில் சைனகுண்டாவிலும், பொன்னை-சித்தூர் சாலையில் மாதாண்டகுப்பத்திலும் வேலூர் மாவட்ட நிர்வாகம் ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி சிமென்ட் பூசிச் சாலையின் குறுக்கே கட்டியது. கயிறோ தடுப்புக் கம்பியோ அல்ல, கொத்தனார் கட்டிய சுவர். எதிர்ப்பு கிளம்பியதும் ஓரிரு நாளில் இடித்துவிட்டார்கள். வாகனங்கள் அனுமதியின்றி நுழைவதைத் தடுக்க வேண்டியிருந்தது உண்மைதான். ஆனாலும் டயாலிசிஸுக்கு வேலூர் போகிறவர் அந்தச் சுவரை எப்படிப் பார்த்திருப்பார் என்று கட்டியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. சென்னையில் சித்தி வீட்டில் டி.வி.யில் அந்தக் காட்சியைப் பார்த்த இரவுதான், ஊருக்குப் போக முடியாமலே போய்விடுமோ என்ற பயம் முதலில் வந்தது என்கிறார் அந்த மாணவி.

திருப்பதி விடுதியில் அவருக்குத் தனி அறை, உள்ளேயே குளியலறை. மூன்று வேளையும் பொட்டலம் கதவுக்கு வெளியே வைக்கப்படும்; வைத்தவர் பத்தடி தள்ளிப்போய்க் குரல் கொடுப்பார். ஜன்னலில் மலை தெரிந்தது. மலைக்குப் போகும் பஸ் ஒன்றுகூடத் தெரியவில்லை. அதே மாதம் நெடுஞ்சாலைகளில் மூட்டை முடிச்சோடு நடந்தவர்களை நினைத்தால் இது சொகுசு என்று அவரே சொல்கிறார். வராந்தாவின் கோடியில் கோயம்பேட்டில் மூட்டை தூக்கிய ஒருவர் இருந்தார். மற்ற அறைக்காரர்கள் அவரிடம் மட்டும் பேசவில்லை. எல்லோருமே சந்தேகத்தின் பேரில் உள்ளே வந்தவர்கள். அதற்குள்ளும் ஒரு ஜாதி.

நாம் தனிமைப்படுத்தல் என்று மொழிபெயர்த்துக்கொண்டதைத் தெலுங்கில் குவாரன்டைன் என்றே வைத்துக்கொண்டார்கள். நாற்பது என்ற எண்ணைக் குறிக்கும் பழைய வெனிஸ் நகரச் சொல்லிலிருந்து வந்தது அது. தனிமை எல்லாம் அதில் கிடையாது, வெறும் நாள் கணக்கு. அந்தப் பெண்ணும் நாளைத்தான் எண்ணியிருக்கிறார். தமிழர்களுக்கு இந்த எண்ணிக்கை புதிதும் அல்ல. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நாள் கணக்கில் நிறுத்தி, நோய் இல்லை என்று பார்த்த பிறகே கடல் தாண்ட விட்டார்கள். அதே முகாம் பிற்பாடு இலங்கை அகதிகளுக்கானது.

ஏழாம் நாள் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. சித்தூர் வீட்டுக்குப் போனதும் கதவில் நோட்டீஸ் ஒட்டப்பட்டது. தினமும் காலையில் வாசலில் நின்று காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்று கேட்டுப் போனில் பதிந்துகொண்டு போனவர் வார்டு வாலன்டியர். ஜெகன்மோகன் ரெட்டி ஆட்சியில் 2019இல் ஐம்பது வீட்டுக்கு ஒருவர் என்று மாதம் 5,000 ரூபாயில் நியமிக்கப்பட்டவர்களில் ஒருவர். ஸ்கூலில் இந்தப் பெண்ணுக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவர். எதிர்வீட்டு அத்தை கோலம் போடுவதைப் பின்வாசலுக்கு மாற்றிக்கொண்ட அந்த வாரத்தில் முகம் பார்த்துப் பேசியவர் அந்த அக்கா ஒருவர்தான்.

இதெல்லாம் முதல் அலையின் கதை. அடுத்த ஆண்டு கணக்கு மாறியது. 2021 மே 10 இரவு திருப்பதி ருயா அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்து 11 பேர் இறந்ததாக அரசு அறிவித்தது. தமிழ்நாட்டிலிருந்து வரவேண்டிய டேங்கர் நேரத்துக்கு வந்து சேரவில்லை. ஓராண்டுக்கு முன் யாரும் வந்துவிடக் கூடாது என்று இரண்டு பக்கமும் காவல் காத்த எல்லையில், அன்று ஒரு லாரிக்காகக் காத்திருந்தார்கள்.

2022 ஏப்ரல் 4 அன்று மாவட்டம் பிரிக்கப்பட்டது. ருயா, பத்மாவதி மருத்துவமனை, அந்த விடுதிகள், திருப்பதியின் பல்கலைக்கழகங்கள் எல்லாம் புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டன. சித்தூருக்கு மிஞ்சியது மாம்பழக்கூழ் ஆலைகளும் காணிப்பாக்கம் பிள்ளையாரும். பெரிய வைத்தியம் என்றால் இப்போதும் வேலூர் பஸ்தான். அந்தப் பெண் படிப்பை முடித்துச் சென்னையிலேயே வேலையில் இருக்கிறார். ஊருக்கு வரும்போது திருத்தணி வழியில் வருவதில்லை, ராணிப்பேட்டை வழியாகத்தான். அது குறுக்கு வழி என்கிறார்.