ஓடுபாதையில் ஒரு சறுக்கல்



வீட்டுக் கார் ஷெட்டில் பல வருடங்கள் உழைத்து, அலுமினியத் தகடுகளை ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளால் இணைத்து, ஒரு சிறு விமானத்தைத் தாமே கட்டி அதில் பறக்கிறவர்கள் அமெரிக்காவில் அநேகர் உண்டு. அதன் பெரும்பகுதியை ஆர்வலர்களே கட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். ஏறும் இடத்தருகே 'எக்ஸ்பெரிமெண்டல்', அதாவது பரிசோதனைக்குரியது, என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கவும் வேண்டும். (நம் ஆலய வாசலில் அப்படியொரு பலகை மாட்டலாமே என்று சில நேரம் எண்ணியதுண்டு.)

வானத்தில் நன்றாய்ப் பறந்து வந்தவர்களுக்கும் ஓடுபாதையில் தவறு நேரிடுகிறது. வாலில் சிறு சக்கரமுள்ள விமானங்களில் பாரத்தின் மையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். தரையில் ஓடுகையில் பக்கக் காற்று சற்றே தள்ளினாலும் பின்னாலுள்ள பாரம் முன்னே வரப் பார்க்கும். விமானி உடனே காலால் திருத்தாவிட்டால் விமானம் சுழன்று திரும்பிவிடும். இதை 'கிரவுண்ட் லூப்' என்பார்கள். இறக்கையின் நுனி உரசும், சக்கரக்கால் மடங்கும், புரொப்பெல்லர் வளையும். விமானி காயமின்றி இறங்கி வந்துவிடுவதும் உண்டு. நானாயிருந்தால், யாராவது பார்த்தார்களா என்றுதான் முதலில் திரும்பிப் பார்ப்பேன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்நாட்டு விபத்து விசாரணை வாரியத்தின் விதிப்படி, தரையில் பட்டு வளைந்த புரொப்பெல்லரும், சக்கரக்காலுக்கும் இறக்கை நுனிக்கும் நேர்ந்த சேதமும் 'பெருஞ்சேதம்' என்னும் கணக்கில் வருவதில்லை. அவ்வளவோடு நின்று, யாருக்கும் பலத்த காயமும் இல்லாவிட்டால், அது 'விபத்து' அல்ல. வருடாந்தர சோதனையையும், உரிய சான்றிதழ் இருந்தால், கட்டியவரே செய்து கையெழுத்திடலாம். கட்டியவரும் அவரே, ஓட்டியவரும் அவரே, சோதிக்கிறவரும் அவரே.

ஆனால் புரொப்பெல்லர் தரையில் அடித்த நொடியில் அந்த அதிர்ச்சி எஞ்சினுக்குள் போகிறது. லைக்கமிங் என்னும் எஞ்சின் நிறுவனம் இதில் மிகவும் கண்டிப்பானது. உயர்ந்த புல்லிலோ தண்ணீரிலோ பட்டு எஞ்சினின் வேகம் திடீரென்று குறைந்திருந்தால், புரொப்பெல்லரில் ஒரு கீறலும் இல்லாவிட்டாலும், அதையும் அடியாகவே கொண்டு உள்ளே சோதிக்க வேண்டும் என்கிறது. வேறொரு புரொப்பெல்லரை மாட்டினால் எஞ்சின் முன்போலவே ஓடும். கிராங்க் ஷாஃப்டில் மயிரிழை அளவு வெடிப்பு இருந்தாலோ, அது எப்போது வெளிப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த விமானத்தை விலைக்கு வாங்கிய வேறொருவர் தம் பிள்ளையோடு ஆகாயத்தில் இருக்கும்போதும் வெளிப்படலாம்.

32ஆம் சங்கீதத்தில் தாவீது தன் எலும்புகளைப் பற்றிப் பேசுவது இதனால்தான் எனக்கு இப்போது புதிதாய்க் கேட்கிறது. அவன் மீறுதலை மறைத்து வைத்திருந்த நாட்களிலும் சிங்காசனம் இருந்தது, கிரீடம் இருந்தது. தேய்மானம் உள்ளே நடந்தது.

1976 முதல் நாசா ஒரு முறையை நடத்திவருகிறது. விமானி தன் தவறைத் தானே எழுதி அனுப்பலாம். பெயரை நீக்கிவிட்டு, மற்றவர்கள் கற்றுக்கொள்ளும்படி அதைப் பயன்படுத்துகிறார்கள். விபத்தும் குற்றமும் இதில் சேரா. அறியாமல் செய்த விதிமீறலை 10 நாட்களுக்குள் எழுதியவருக்குப் பொதுவாகத் தண்டனை விதிப்பதில்லை. சொன்னவன் சொன்னதினிமித்தம் அழிந்துபோகக் கூடாது என்று உலகத்தார் இவ்வளவு யோசித்திருக்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சகோதரன் என் அறைக்கு வந்து தன் சறுக்கலை அறிக்கையிட்டார். அது என்னவென்பது இங்கே வேண்டாம். அவரோடு ஜெபித்தேன். அந்த வாரமே ஒரு சிறு ஜெபக்குழுவில், பெயரைச் சொல்லாமல், அதை 'ஜெபக்குறிப்பாக' வைத்தேன். நம்முடைய சபையின் அளவுக்கு, யாரென்று ஊகிக்க எவ்வளவு நேரமாகும்? தன் மனைவியிடம் அவர் தாமே சொல்ல ஆயத்தப்பட்டுக்கொண்டிருந்தார். அதற்கு முன்னே ஒருவர் போய் அந்தச் சகோதரிக்கு ஆறுதல் சொல்லிவிட்டார். அதன்பின் அந்தக் குடும்பம் ஆராதனைக்கு வரவில்லை.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நல்ல நோக்கத்தோடுதானே சொன்னேன் என்று புரொப்பெல்லரை மாற்றிக்கொண்டு, ஞாயிறுதோறும் பிரசங்க பீடத்தில் ஏறிக்கொண்டிருந்தேன்.

இதை எழுதுவதற்கு அனுமதி கேட்டு நேற்று அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். வெகுநேரம் மௌனமாயிருந்தார். பிறகு, "எழுதுங்க பாஸ்டர். ஆனா நீங்க செஞ்சதையும் சேர்த்து எழுதுங்க" என்றார். வியாழக்கிழமை மாலை வீட்டுக்கு வரலாமா என்று கேட்டேன். வரச் சொல்லியிருக்கிறார். எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், அவர் யாரென்று மட்டும் கேளாதிருங்கள்.