40 டன் வடம்... ஒரே குரல்!

ஊர் கூடித் தேர் இழுப்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஊரே இரண்டாகப் பிரிந்து, ஒரே வடத்தை எதிரெதிர்ப் பக்கம் இழுத்தால் எப்படி இருக்கும்? அதைப் பார்க்க, அக்டோபர் மாதம் ஜப்பானின் ஒகினாவா தீவுக்குப் போக வேண்டும்.

தீவின் தலைநகர் நாஹா. 1945 போரில் சிதைந்துபோன ஊர். நின்று போயிருந்த வடம் இழுக்கும் விழாவை, 1971-ல் மீண்டும் தொடங்கினார்கள். வைக்கோலால் முறுக்கிய அந்த வடத்தின் நீளம் சுமார் 200 மீட்டர். எடை சுமார் 40 டன். கிட்டத்தட்ட பத்து யானைகளின் எடை!

உண்மையில் அது இரண்டு வடங்கள். கிழக்கு அணிக்கு ஆண் வடம், மேற்கு அணிக்குப் பெண் வடம். ஒன்றின் கண்ணியை மற்றொன்றின் கண்ணிக்குள் நுழைத்து, நடுவில் பெரிய மரக்கட்டையைச் செருகி இணைக்கிறார்கள்.

இவ்வளவு பருமனான வடத்தை எப்படிப் பிடிப்பது? இருபுறமும் ஆலம் விழுதுகள் போலக் கைக்கயிறுகள் பிரிகின்றன. அவற்றைத்தான் ஆயிரக்கணக்கானோர் பிடிக்கிறார்கள். உள்ளூர்க்காரர், சுற்றுலாப் பயணி என்ற பேதமில்லை. நீங்களும் போய்ப் பிடிக்கலாம். வடத்தின் மேலேயே சிலர் ஏறி நின்று தாளம் சொல்ல, கூட்டம் ‘ஹாஇயா!’ என்று குரல் கொடுத்து இழுக்கிறது. 30 நிமிடத்துக்குள் 5 மீட்டர் இழுத்த அணிக்கு வெற்றி. முடிந்ததும் கயிற்றின் துண்டை அதிர்ஷ்டம் என்று வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.

முன்பின் தெரியாதவர்களை நிமிடங்களில் ஓர் அணியாக்குவது அந்த ஒற்றைக் குரல்தான். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் எவ்வளவு பலம் இருந்தும் வீண்.

ஆனால், ஏற்பாட்டில் அலட்சியம் கூடாது. 1997 அக்டோபரில் தைவானின் தைபே நகரில் சுமார் 1,600 பேர் இழுத்த கயிறு அறுந்தது. இருவரின் கை துண்டானது. மருத்துவர்கள் போராடி மீண்டும் பொருத்தினார்கள். கயிறு தாங்கும் அளவைவிட இழுத்தவர்களின் பலம் அதிகமாக இருந்ததே காரணம்.

உங்கள் குடியிருப்பிலோ அலுவலகத்திலோ இந்த விளையாட்டை நடத்தப் போகிறீர்களா? இவற்றைக் கவனியுங்கள்:

* பக்கத்துக்கு 8 பேர் போதும். சர்வதேசப் போட்டிகளிலும் அதுதான் கணக்கு. தலை எண்ணிக்கையோடு இரு அணிகளின் மொத்த எடையும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும்.

* நைலான் கயிறு வேண்டாம். அது நீண்டு, அறுந்தால் சாட்டை போலத் திரும்பி அடிக்கும். கைக்கு அடக்கமான, தடித்த, நைந்துபோகாத கயிறு நல்லது.

* கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ யாரும் சுற்றக் கூடாது. மோதிரம், வளையல்களைக் கழற்றச் சொல்லுங்கள்.

* சிமென்ட் தரை வேண்டாம், மண் அல்லது புல்தரை போதும்.

* தோற்கும் அணி கயிற்றைச் சட்டென்று விடக் கூடாது. எதிரே இருப்பவர்கள் மல்லாந்து விழுவார்கள்.

அணிக்கு ஒருவரைக் குரல் கொடுக்க நிறுத்துங்கள். அவர் மேலதிகாரியாக இருக்க வேண்டியதில்லை. கணீரென்ற குரலுள்ள பத்தாம் வகுப்புப் பெண் போதும்!